பல்லில்லா யானைப் பாட்டியும் பாதியில நின்ன ஜிப்லைனும்: சியாங் மாய் காட்டுல ஒரு ராத்திரி

ராத்திரி ரெண்டே கால் மணி. மூங்கில் தரையில விரிச்ச மெத்தையில மூணு போர்வை போத்தியும் பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்குது, பக்கத்துல பாப்பா, அவளுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரி, தடுப்புக்கு அந்தாண்ட மச்சினன் விடற குறட்டை. அந்தக் குறட்டைக்கு நடுவுல இன்னொரு குறட்டை கேக்குது. முதல்ல இவனே ரெண்டு சுதியில விடறான்னுதான் நெனச்சேன். அப்புறம் தான் புரிஞ்சுது, ரெண்டாவது குறட்டை குடிசைக்குக் கீழ சரிவுல இருந்து வருது, ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவுல நான் பத்து எண்ணலாம் போல அவ்ளோ நிதானமா. யானை தூங்குது.

நான் கோயம்புத்தூர்க்காரன். தடாகம் பக்கம் எங்க மாமாவுக்குத் தோட்டம் இருக்கு, சின்ன வயசுல லீவுக்கு அங்கதான். எங்களுக்கு ராத்திரியில யானை சத்தம்னா வெடி போடறது, தகரம் தட்டறது, ஃபாரஸ்ட் ஜீப்புக்கு போன் அடிக்கறது, காலையில விடிஞ்சா எத்தன வாழை போச்சுன்னு எண்றது. யானை பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சும் படுத்தே கெடந்தது வாழ்க்கையில அன்னைக்குத் தான். அதுக்காகவே இத எழுதறேன், போறவங்க பணத்தை எதுக்குக் குடுக்கணும் எதுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எனக்கு இப்போ கொஞ்சம் தெரியும்.

தாய்லாந்துக்கு நாங்க போனது 2024 டிசம்பர், பாப்பாவுக்கு அரையாண்டு லீவு. சென்னையில இருந்து பாங்காக் மூணரை மணி நேரம், அங்கிருந்து இன்னொரு ஃப்ளைட்ல வடக்குல இருக்கற சியாங் மாய் ஒரு மணி நேரம் சொச்சம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அப்போ விசா வேண்டியதில்ல. (2025 மே 1ல இருந்து ஆன்லைன்ல வருகை அட்டை ஒண்ணு நிரப்பணும், அதுக்குக் காசு கிடையாது, காசு கேக்கற சைட்டு எல்லாம் டுபாக்கூர். விசா ரூல் அடிக்கடி மாறுது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்குங்க.) சியாங் மாய்ல அகழி சுத்தின பழைய ஊருக்குள்ள ரூம் போட்டோம், யானை இருக்கறது அங்கிருந்து வடக்க மே டேங் பள்ளத்தாக்குல, வேன்ல ஒன்றரை மணி நேரம்.

மாசம் ரொம்ப முக்கியம். டிசம்பர் ஜனவரி நல்ல சீசன். பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க காட்டுலயும் வயக்காட்டுலயும் தீ வெச்சு ஊரே புகையா கெடக்கும், மலை இருக்கறதே தெரியாது. நம்ம ஸ்கூல் லீவு ஏப்ரல், மே மாசத்துல வருதேன்னு அப்போ டிக்கெட் போட்டு சின்னப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயி மூச்சு முட்ட விடாதீங்க. மழைக்காலத்துல போனா பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா அட்டைப்பூச்சி.

இப்போ நாங்க பண்ண முதல் தப்பு. புக்கிங் சைட்ல பாத்தா எல்லாப் பேருக்கும் பின்னாடி 'சாங்சுவரி'ன்னு, அதாவது சரணாலயம்னு, ஒரு வால் இருக்கு. அந்த வார்த்தைய யார் வேணாலும் போட்டுக்கலாம், அங்க அதுக்குன்னு தனி லைசென்ஸ் எதுவும் கிடையாதுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. நாங்க முதல்ல அட்வான்ஸ் கட்டின எடத்துல மச்சினன் சும்மா ரிவ்யூ போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தான், ஒரு யானையோட முதுகுல சேர் கட்டின தழும்பு, பாகன் கையில துரட்டி, பின்னாடி யானை கால்பந்து ஆடறதுக்கு கோல் போஸ்ட். "மாமா, இது சர்க்கஸ் மாமா"ன்னான். கேன்சல் பண்ணோம், அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு. அந்தக் கடுப்புல தான் அடுத்த எடத்துக்கு மெயில் போட்டு வரிசையா கேள்வி கேட்டேன்: சவாரி உண்டா, யானை ஏதாவது வித்தை காட்டுமா, ஒரு நாளைக்கு எத்தன பேர் வருவாங்க, ராத்திரியில யானை எங்க இருக்கும், குட்டி இருக்கா, இருந்தா எங்க இருந்து வந்துச்சு. இதுல கடைசி ரெண்டு கேள்விக்கு வர்ற பதில்ல ஆள் யாருன்னு தெரிஞ்சு போகும். நாங்க போன எடத்துல ராத்திரி பத்தி நேராவே எழுதியிருந்தாங்க, "காட்டு ஓரத்துல நீளச் சங்கிலியில இருக்கும், காரணம் நேர்ல சொல்றோம்"னு. பொய் சொல்லாம சங்கிலின்னு எழுதினதே எனக்கு நம்பிக்கையா இருந்துச்சு. வீட்டுக்காரிக்குத் தான் மனசு ஒப்பல.

பேக்கேஜ் என்னன்னா முதல் நாள் காலையில இருந்து யானை, ராத்திரி குடிசையில தங்கல், ரெண்டாம் நாள் காட்டு நடை, ஜிப்லைன் (கம்பியில தொங்கிட்டே மரத்துக்கு மேல சறுக்கிட்டுப் போறது), அருவி, மூங்கில் படகு. பெரியவங்களுக்கு ஆளுக்கு 5,500 பாத் கிட்ட, அப்போ ஒரு பாத் ரெண்டரை ரூபா சுமாரு, கணக்குப் போட்டுக்குங்க. சாப்பாடு, வேன், குடிசை எல்லாம் அதுலயே.

போற வழியெல்லாம் ஆத்தோரம் மரத்துல ஆளுயரத்துக்கு மேல சேத்துக் கோடு. அக்டோபர்ல வந்த வெள்ளத்தோட கோடு அது. அந்த வெள்ளத்துல அந்தப் பள்ளத்தாக்குல ரெண்டு யானை அடிச்சுட்டுப் போயி செத்துடுச்சு, மத்ததை எல்லாம் மேட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருக்காங்க. கிளைகள்ல இன்னும் பிளாஸ்டிக் கந்தலா தொங்கிட்டு இருந்துச்சு. வேன்ல அதுவரைக்கும் பாட்டுப் பாடிட்டு வந்த பாப்பா சத்தத்தக் காணோம்.

முகாம்ல மொத்தம் அஞ்சு யானை, எல்லாம் பொட்டை. அதுல ஒண்ணு அறுபது வயசு தாண்டினது. நெத்தி ரெண்டு பக்கமும் குழி விழுந்து, காது ஓரம் கிழிஞ்சு சுருண்டு, தும்பிக்கையில ரோஸ் கலர்ல புள்ளி புள்ளியா. அது வயசுக்காலத்துல காட்டு மரம் இழுத்த யானை. அந்த நாட்டுக் கதையே அதுதான்: 1988 கடைசியில தெக்குப் பக்கம் பெருவெள்ளம், மலை சரிஞ்சு, வெட்டிப் போட்டிருந்த மரமெல்லாம் ஊருக்குள்ள வந்து நூத்துக்கணக்கான பேர் செத்துப்போக, 1989ல காட்டு மரம் வெட்டறதையே அரசாங்கம் நிறுத்திடுச்சு. காட்டுக்கு நல்லது. ஆனா அதுவரைக்கும் மரம் இழுத்து சம்பாதிச்ச யானைங்களுக்கும் பாகன்களுக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு. ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல திங்கும், வேலை இல்லாதவன் அத எப்படி வளப்பான்? சில பேர் பாங்காக் ரோட்டுல யானையோட பிச்சை எடுத்தாங்க, மத்தவங்க டூரிஸ்ட் முகாமுக்கு வந்தாங்க, முதுகுல சேர் ஏறுச்சு. இந்தச் சவாரி கம்பெனிகளத் திட்டறதுக்கு முன்னாடி இத தெரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணுச்சு. 2020ல கொரோனாவுல டூரிஸ்ட் நின்னப்போ தீனி வாங்கக் காசில்லாம நூத்துக்கும் மேல யானைங்கள நடத்தியே மலை கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம், அங்க புல்லாவது கெடைக்கும்னு.

பாகன் கரேன்ங்கற மலைவாழ் இனத்துக்காரரு, அம்பது வயசுக்கு மேல, மெலிஞ்ச ஆளு, எந்நேரமும் இடுப்புல வெட்டுக்கத்தி. அவருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, எனக்குத் தாய்லாந்து மொழியில 'சவாதி காப்'ங்கற வணக்கத்தத் தவிர ஒண்ணும் வராது. நடுவுல ஒரு கைடு பையன் மொழிபெயர்த்தான். ஆனா சமையக்கூடத்துல அவர் பாட்டி யானைக்குத் தீனி பண்ணதுக்கு மொழியே தேவைப்படல. மத்த நாலு யானைக்கும் கரும்ப அப்படியே கட்டா போட்டாச்சு. இதுக்கு மட்டும் வாழைத்தண்ட வட்டம் வட்டமா சீவி, அப்புறம் அதையும் கொத்தி, வாழப்பழத்தத் தோலோட பெசஞ்சு, வெந்த சோறு, கல்லுப்பு, புளிய கொட்டை நீக்கி அதுல பெசறி, கோயில்ல பஞ்சாமிர்தம் பெசையற மாதிரி முழங்கை வரைக்கும் விட்டுப் பெசஞ்சு, தேங்கா அளவுக்கு உருண்டை பிடிச்சாரு. புளி எதுக்குன்னேன். வயத்துக்குன்னு வயத்தத் தட்டிக் காமிச்சாரு. அப்புறம் பாப்பாவக் கூப்பிட்டு யானை லத்தி ஒண்ண எடுத்து ரெண்டாப் புட்டாரு. உள்ள நாரெல்லாம் விரல் நீளத்துக்கு அப்படி அப்படியே இருக்கு. பக்கத்து யானையோடத புட்டாரு, நாரு பொடிப்பொடியா. அவ்ளோதான் பாடம். பாட்டிக்கு அரைக்கற பல்லு தேஞ்சு போச்சு, தின்னது அப்படியே வெளிய வருது. யானைக்கு வாழ்நாள்ல ஆறு செட்டு கடவாப்பல்லு, ஒண்ணு தேஞ்சா பின்னாடி இருந்து அடுத்தது தள்ளிட்டு வரும், ஆறாவதும் போச்சுன்னா அவ்ளோதான். காட்டுல இருந்தா இந்நேரம் பட்டினியில செத்திருக்கும்.

எங்க அம்மிச்சி கடைசிக் காலத்துல வெத்தலை பாக்க சின்ன உரல்ல இடிச்சு இடிச்சு வாயில போட்டுக்குவாங்க, அந்த டொக்கு டொக்கு சத்தம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. பாப்பா அதுக்குள்ள பேரே வெச்சுட்டா, பல்லில்லாப் பாட்டின்னு.

உருண்டைய நாமளே குடுக்கலாம். தும்பிக்கை நுனியில மேல ஒரே ஒரு விரல் மாதிரி இருக்கும், ஆசிய யானைக்கு ஒண்ணு, ஆப்பிரிக்க யானைக்கு ரெண்டு. அந்த ஒத்த விரல் உள்ளங்கையில தடவித் தடவி உருண்டைய எடுக்கும்போது ஈரமா, சூடா மூச்சு, கொஞ்சம் புளிச்ச மோர் வாசம். எனக்குக் கை நடுங்குச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். தடாகத்துக்காரன் ஒடம்பு அது.

மத்தியானம் குளியல். எல்லாரும் போட்டோ போடறது அதத்தான், ஆத்துல எறங்கி யானைக்குச் சேறு பூசி பக்கெட்டுல தண்ணி ஊத்தறது. அன்னைக்கு மட்டும் வர்ற கூட்டம் ஒரு பதினஞ்சு பேர் எறங்குனாங்க. நாங்க கரையிலயே நின்னோம். காரணம் ஒண்ணும் பெரிய தத்துவம் இல்ல, வீட்டுக்காரி சொன்னது: "ஏங்க, அதுக்குக் குளிக்கத் தெரியாதா? நம்ம எதுக்கு?" கரையில நின்னதால ஒண்ணு கவனிச்சேன், கூட்டம் இருந்த வரைக்கும் ஒரு யானை பாகன் மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு, கூட்டம் கரையேறினதும் அதுவா திரும்பி ஆழத்துக்குப் போயி ஒருக்களிச்சுப் படுத்து, தும்பிக்கைய மட்டும் மேல விட்டுட்டு இருபது நிமிஷம் கெடந்துச்சு. நாங்க ஊர் திரும்பி சில நாள்ல, 2025 ஜனவரி 3, தெற்குத் தாய்லாந்துல ஒரு தீவுல யானையக் குளிப்பாட்டிட்டு இருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருத்தங்க யானை தாக்கி செத்துப் போனாங்கன்னு செய்தி. இருபத்திரெண்டு வயசு. போன்ல அதப் படிச்சுட்டு நானும் வீட்டுக்காரியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். குளியல் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடலாம், எந்த எடமும் கட்டாயப்படுத்தாது. அப்படியே எறங்கினாலும் யானைக்கு நேர் பின்னாடியும் நேர் முன்னாடியும் நிக்காதீங்க, பாகன் பார்வையில இருங்க, குழந்தைய எறக்கவே வேண்டாம். இன்னொண்ணு, அதே தண்ணியில தான் லத்தியும் மெதக்குது. வாயில போச்சுன்னா ரெண்டு நாள் பாத்ரூம் தான்.

மூணு மணிக்கு வேன் வந்து பகல் கூட்டத்த ஏத்திட்டுப் போயிடுச்சு. தங்கினது நாங்க நாலு பேரும் ஒரு டச்சுக்காரத் தம்பதியும் மட்டும். இதுக்கு மேல தான் கொடுத்த காசுக்கு அர்த்தமே. வேன் சத்தம் மலை திருப்பத்துல மறைஞ்சதும் அந்த எடமே வேற மாதிரி ஆயிடுச்சு. யானைங்க அதுவரைக்கும் கூடைய பாத்துப் பாத்து நம்ம கிட்ட வந்துச்சுங்க, இப்போ எங்கள சட்டையே பண்ணல. ஒண்ணு புல்லப் புடுங்கி முட்டியில நாலு தட்டு தட்டி மண்ண உதிர்த்துட்டு வாயில போடுது, ஒவ்வொரு பிடிக்கும் அதே நாலு தட்டு. இன்னொண்ணு ஒரு மரத்துல பின்பக்கத்தத் தேய்ச்சுட்டே அரை மணி நேரம். பாட்டியும் அதுக்குச் சின்னதான இன்னொரு யானையும் ஒட்டிக்கிட்டே நின்னு, தும்பிக்கைய அடுத்தது வாயில விட்டுப் பாத்துக்குதுங்க, என்ன தின்னேன்னு விசாரிக்கற மாதிரி. அப்புறம் ஒரு சத்தம், சத்தம்னு கூட சொல்ல முடியாது, நெஞ்சுக்கூட்டுல தவில் தோலைத் தொட்டாப்ல ஒரு அதிர்வு. கைடு பையன் சொன்னான், அதுங்க பேசறதுல பாதி நம்ம காதுக்கே எட்டாத அளவுக்குக் கீழ் சுதியாம். மூணு டன் ஒடம்பு பத்தடி தூரத்துல நடந்து போகுது, காலடிச் சத்தமே இல்ல. எங்க மாமா எப்பவும் சொல்லுவாரு, "வாழை முறியற வரைக்கும் வந்ததே தெரியாது"ன்னு. அன்னைக்கு நம்பினேன்.

ஆறு மணிக்கு பாகன் ஒவ்வொண்ணையும் காட்டு ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போயி நீளச் சங்கிலியில விட்டாரு, ஒரு முப்பது மீட்டர் இருக்கும். வீட்டுக்காரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பாகன் சரிவுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாரு, மக்காச்சோளக் காடு, பக்கத்து கிராமத்துக்காரனோடது. அவுத்து விட்டா ராத்திரியில நேரா அங்க தான் போகும், அவன் துப்பாக்கி வெச்சிருக்கான். கைடு பையன் மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சு போச்சு, மச்சினனும் நானும் சிரிச்சுட்டோம், எங்க ஊர் கதையேதான். சங்கிலி இருந்தாலே கெட்ட எடம்னு முடிவு பண்ணிடாதீங்க. எவ்ளோ நீளம், எந்நேரம், எதுக்கு, கால்ல புண்ணு இருக்கா, நிக்கற எடம் மண்ணா சிமெண்டா, இதப் பாருங்க.

பாட்டிக்கு மட்டும் சரிவுல ஒரு மண்மேடு கட்டி வெச்சிருந்தாங்க. கீழ படுத்தா எழுந்திரிக்க முடியாது, அதனால அதுல சாஞ்சு தூங்கும். ராத்திரி நான் கேட்ட குறட்டை அந்த மேட்டுல இருந்துதான் வந்திருக்கு.

சாப்பாடு பத்தி. வீட்டுக்காரி சுத்த சைவம். அங்க சைவம்னா மீன் சாஸ் ஊத்தின கீரை. 'ஜே'ன்னு சொல்லணும், கறி மீன் முட்டை பால் எதுவும் இல்லாத சாப்பாடு, கடைகள்ல மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்துல எழுதி வெச்சிருப்பாங்க. முகாமுக்கு முன்கூட்டியே எழுதிட்டா பண்ணித் தர்றாங்க. எதுக்கும் ஒரு டப்பா பருப்புப் பொடியும் தக்காளித் தொக்கும் எடுத்துட்டுப் போயிருந்தோம், அந்த ஒட்டுச் சோத்துக்கு அது அப்படி ஒரு ஜோடி, டச்சுக்காரர் மூணு தடவ வாங்கிக்கிட்டாரு.

குளிரு. பாங்காக்ல வேர்த்து ஊத்துதுன்னு ஸ்வெட்டரை எல்லாம் பெரிய பெட்டியில போட்டு ஹோட்டல்லயே விட்டுட்டு வந்தேன் பாருங்க, அந்த அறிவுக்கு என்ன சொல்றது. டிசம்பர்ல மலையில ராத்திரி நம்ம ஊட்டி மாதிரியே இருக்கு. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், ஹெட்லைட்டு டார்ச்சு, கொசு மருந்து, சேறானா தூக்கிப்போடற மாதிரி ஒரு செட் பழைய துணி. பாஸ்போர்ட் ஹோட்டல் லாக்கர்ல, கையில போட்டோ மட்டும். சிக்னல் வராது, வீட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, எங்க மாமியார் நாப்பது மிஸ்டு கால்.

காலையில ஆறு மணி, பனிமூட்டம், பாகன் கூடவே போனேன். ஒவ்வொரு யானைக்கும் கன்னத்துலயும் வயித்துப் பக்கத்துலயும் மண்ணு ஒட்டியிருக்கான்னு பாத்தாரு. ஒட்டியிருந்தா ராத்திரி படுத்துத் தூங்கியிருக்கு, நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கால் நகத்துக்கு மேல விரல வெச்சுத் தொட்டாரு, ஈரமா இருக்கணும், யானைக்கு வேர்க்கறது அங்கதான். காய்ஞ்சிருந்தா ஒடம்பு சரியில்ல. பாட்டியோட எடது கன்னம் முழுக்க மண்ணு. அவரு அதத் தட்டி விட்டுட்டு ஏதோ சொல்லிச் சிரிச்சாரு, பக்கத்துல மொழிபெயர்க்க ஆளில்ல, நானும் சிரிச்சேன். எனக்கு அங்கயே இன்னும் மூணு மணி நேரம் நிக்கணும் போல இருந்துச்சு.

ஆனா ஏழரைக்கு நாஷ்டா, எட்டுக்குக் காட்டு நடை, பேக்கேஜ் ஓடிட்டே இருக்கணுமே.

இதான் என்னோட பெரிய குறை. யானைய முதல் நாளும் அட்வெஞ்சர ரெண்டாம் நாளும் வெச்சது தப்பு. மனசு அங்கயே இருக்கு, ஒடம்ப வேற எங்கயோ இழுத்துட்டுப் போற மாதிரி. முதல் நாள் காலையில ஜிப்லைன், ஆறு, அருவின்னு கத்திக் கூப்பாடு போட்டுக் களைச்சு, மத்தியானத்துக்கு மேல முகாமுக்கு வந்து, பகல் கூட்டம் போனப்புறம் யானை, ராத்திரி, மறுநாள் காலை முழுக்க யானை, மத்தியானம் வேன். இப்படிப் போடுங்கன்னு கேட்டா மாத்தித் தர்றாங்களாம், டச்சுக்காரங்க அப்படித்தான் வந்திருந்தாங்க, நமக்குத் தான் கேக்கணும்னு தோணல.

நடை ரெண்டு மணி நேரம், முழுக்க எறக்கம், தேக்கு இலை சருகா கெடக்கு, காலை வெச்சா வழுக்கிட்டுப் போகுது. ஏறறத விட எறங்கறது தான் முட்டிய வாங்கும். செருப்போட வந்த மச்சினன் ரெண்டு தடவ உக்காந்தே எறங்கினான். கைடு ஒரு மூங்கில வெட்டிக் கைத்தடி குடுத்தப்புறம் தான் ஆள் நிமிர்ந்தான்.

ஜிப்லைன்ல ஏத்தறதுக்கு முன்னாடி எடை பாத்தாங்க, எல்லாரு முன்னாடியும். 120 கிலோ வரைக்கும் தான். மச்சினன் 108. "வெயிட்டு இருக்கறவங்க தான் மாமா வேகமா போவாங்க"ன்னு சொல்லிட்டுப் போனான், சொன்ன மாதிரியே சர்ருன்னு போயி அந்தப் பக்கம் மெத்தையில மோதி நின்னான். பாப்பாவுக்கு ஒன்பது வயசு, ஒரு கைடு கூட சேத்துக் கட்டி அனுப்பினாங்க, பயமே இல்ல. அடுத்தது நான். கையில தடிமனான தோல் கையுறை, கம்பிய மேல பிடிச்சு அமுத்தினா பிரேக்கு. அந்தப் பக்கம் இருக்கறவர் சைகை காட்டற வரைக்கும் பிரேக் பிடிக்கக் கூடாதுன்னு மூணு தடவ சொன்னாங்க. கீழ பாத்தேன். பிடிச்சுட்டேன். கரைக்குப் பதினஞ்சு இருபது அடி இருக்கறப்போ நின்னு, அப்புறம் மெதுவா பின்னாடி நழுவி, கம்பி தொய்யற நடுப் பள்ளத்துல போயி தொங்கறேன், கீழ மரத்து உச்சி, அந்தப் பக்கம் என் பொண்ணு "அப்பா ஏன் நின்னுட்டீங்க"ன்னு கத்தறா. அப்படி நின்னுட்டா திரும்பி முதுகு கரையப் பாக்கற மாதிரி தொங்கி, ரெண்டு கையாலயும் கம்பிய மாத்தி மாத்தி இழுத்துத் தான் வரணும், கெணத்துல தண்ணி சேந்தற மாதிரி. பாதி தூரம் வந்தேன், மீதிக்கு ஒரு பையன் குரங்கு மாதிரி கம்பியில வந்து காலால என் இடுப்பக் கவ்வி இழுத்துட்டுப் போனான். ரெண்டு நாள் தோள்பட்டை தூக்க முடியல. ஹார்னஸ், அதான் ஒடம்பக் கட்டற வார், மாட்டறப்போ தொடை வார் ரெண்டும் இறுக்கமா இருக்கான்னு நீங்களே இழுத்துப் பாருங்க, கம்பியில ரெண்டு கொக்கி மாட்றாங்களான்னு பாருங்க, ஒண்ணு அந்தா இந்தான்னா இன்னொண்ணு தாங்கணும். டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கறப்போ ஜிப்லைன், ராஃப்டிங் எல்லாம் கவர் ஆகுதான்னு படிச்சுட்டு எடுங்க, நாங்க எடுத்ததுல ஆகல, அது தோள் வலியோட ரூம்ல படுத்துட்டு படிக்கும்போது தான் தெரிஞ்சுது.

அருவி பரவால்ல, குற்றாலம் பாத்தவனுக்கு ஒண்ணுமில்ல. மூங்கில் படகு தான் அந்த நாள்ல உருப்படியான சமாச்சாரம். பத்துப் பன்னெண்டு மூங்கில சேத்துக் கட்டியிருப்பாங்க, உக்காந்ததும் அது தண்ணிக்குள்ள ரெண்டு அங்குலம் அமுங்கும், இடுப்பு வரைக்கும் நனையும், முன்னாடி ஒரு பெரியவர் கழி ஊன்றித் தள்ளுவாரு. ஒன்றரை மணி நேரம் ஒருத்தரும் பேசல. ஒரு வளைவுல யாரோ வேற முகாமோட யானை ஒண்ணு கரையில நின்னு தண்ணி குடிச்சுட்டு இருந்துச்சு, நாங்க போறத அது நிமிர்ந்து கூடப் பாக்கல. செல்போன வாட்டர்ப்ரூஃப் பையில போட்டுக் கழுத்துல மாட்டிக்குங்க. மச்சினன் பேன்ட் பாக்கெட்டுல வெச்சிருந்தான், அது இன்னைக்கு வரைக்கும் எழுந்திரிக்கல.

பாகனுக்குத் தனியா ஏதாவது குடுங்க, கையில குடுங்க. நாங்க 500 பாத் குடுத்தோம், அவர் பாப்பாவுக்கு மரத்துல செதுக்கின விரல் அளவு யானை ஒண்ணு குடுத்தாரு, கத்தியாலயே செதுக்கினது, ஒரு தந்தம் கூட இல்ல, பொட்டை யானை தான்.

ஊருக்கு வந்த மறுவாரம் தடாகத்து மாமா போன் பண்ணாரு, நடுராத்திரி ஒத்தை யானை வேலிய முறிச்சுட்டு உள்ள வந்து நேந்திரன் கன்னெல்லாம் போச்சுன்னு ஒரே பொலம்பல். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பாப்பா பக்கத்துல உக்காந்து அந்த மர யானைய வெச்சு வெளையாடிட்டு இருந்தவ நிமிர்ந்து, "தாத்தா, லத்தி போட்டிருக்கா? புட்டுப் பாருங்க, நாரு நீளமா இருந்தா பாவம் அதுக்குப் பல்லில்ல"ன்னா.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பல்லில்லாமத்தானா கண்ணு என்ற எம்பது வாழையத் தின்னுட்டுப் போச்சு?"